தைத்து ஒட்டிய படகு: மிரர் டிங்கி, ஒரு நிகழ்வு ஆய்வு

தோட்டத்துப் புல்லில் கவிழ்த்துப் போட்டிருந்த படகின் அடிப்பலகையை நண்பர் விரல் முட்டியால் தட்டிக்கொண்டே நகர்ந்தார். சந்தையில் பானை வாங்குகிறவர்கள் தட்டிப் பார்ப்பார்களே, அதே தட்டல். கணீர் கணீரென்று வந்துகொண்டிருந்த சத்தம் முன்பக்க மூலையில் ‘தொப்’ என்று செத்தது. அந்த இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் நுனியை நுழைத்து நெம்பினார். ஒரு முழ நீளத்துக்கு ஃபைபர் நாடா வெங்காயச் சருகு போல உரிந்து வந்தது. அடியில், இரண்டு பலகைகள் சேரும் விளிம்பில், வரிசையாகப் பச்சைப் புள்ளிகள். களிம்பேறிய செம்புக் கம்பிகள்.

“லே மக்கா, இது தைச்ச வள்ளம்லா! எங்க சித்தப்பா இப்படித்தான் கம்பி போட்டு முறுக்குவாரு.”

நண்பர் குமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர்க்காரர். நான் திண்டுக்கல் பக்கம். கிணற்று நீச்சலுக்கு மேல் தண்ணீரோடு பழக்கமில்லாதவன். வேலை நிமித்தம் இருவரும் தென் இங்கிலாந்தில் இருக்கிறோம். படகு, 1970களில் ஒருவர் தன் மகனோடு சேர்ந்து கார் ஷெட்டில் கட்டிய ‘மிரர்’ டிங்கி, அதாவது சிறிய பாய்மரப் படகு. கட்டியவரே விற்றார். பழைய சைக்கிள் ஒன்று வாங்கும் காசுதான் கேட்டார். பாய் மடித்திருந்த பையைக் கொடுக்கும்போது மட்டும் கொஞ்சம் தயங்கினார்.

தச்சு வேலை தெரியாத ஒரு மனிதர் வீட்டில் கட்டிய மரப்படகு ஐம்பது வருடத்துக்குப் பிறகும் உருவம் குலையாமல் கிடக்கிறது. அதே சமயம் சில இடங்களில் நகத்தால் சுரண்டினாலே மாவாக உதிர்கிறது. எது தாங்கியது, எது தாங்கவில்லை, ஏன் என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வு. பார்த்து முடிப்பதற்குள் ஆய்வு இங்கிலாந்திலிருந்து நண்பரின் ஊர்க் கரைவரை போய்விட்டது.

ஒரு பத்திரிகையின் படகு

1963 ஜனவரி. பிரிட்டன் உறைந்து கிடந்த குளிர்காலம் அது. கிறிஸ்துமஸ் மறுநாள் தொடங்கிய பனி மார்ச் மாதம்வரை விட்டபாடில்லை. அந்தக் குளிருக்கு நடுவே லண்டன் படகுக் கண்காட்சியில் சிவப்புப் பாயோடு ஒரு குட்டிப் படகு அறிமுகமானது. விலை 63 பவுண்ட் 11 ஷில்லிங். அன்றைய ஆண் தொழிலாளியின் சராசரி வாரச் சம்பளம் 16 பவுண்டை ஒட்டி இருந்தது. ஆக, ஏறத்தாழ நான்கு வாரச் சம்பளம். கையில் கிடைப்பது படகல்ல. வெட்டிய பலகைகளும் சாமான்களும்தான். கட்டிக்கொள்வது வாங்கியவர் பாடு.

பின்னால் இருந்தது ‘டெய்லி மிரர்’ நாளிதழ். அன்று நாளொன்றுக்கு ஐம்பது லட்சம் பிரதிகளை நெருங்கிக்கொண்டிருந்த, தொழிலாளிகள் அதிகம் படித்த பத்திரிகை. பாயின் சிவப்பு அந்தப் பத்திரிகையின் முகப்புச் சிவப்பு. அழகுக்காக வைத்தது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன், விளம்பரம். பத்திரிகைகள் படகு விற்பது அங்கே புதிதும் அல்ல. 1956இல் ‘நியூஸ் க்ரானிக்கிள்’ பத்திரிகை ‘என்டர்பிரைஸ்’ என்ற நீலப்பாய்ப் படகை முன்னிறுத்தியது. என்டர்பிரைஸ் இந்தியாவுக்கும் வந்து, நம் பாய்மரப் போட்டிகளில் பல காலம் ஓடியது.

இரண்டு படகுகளுக்கும் வடிவமைப்பாளர் ஒருவரே, ஜாக் ஹோல்ட். சிறிய பிளைவுட் படகுகளில் அவர் கைபட்டவை ஏராளம்: கேடட், ஜிபி14, ஹெரான், சோலோ என்று பட்டியல் நீளும். மிரரில் அவரோடு சேர்ந்தவர் பாரி பக்னெல். படகு கட்டுவது அவர் தொழில் அல்ல. பிபிசி தொலைக்காட்சியில் வீட்டு வேலைகளை நீங்களே செய்துகொள்ளலாம் என்று சட்டைக் கையை மடித்துவிட்டுச் செய்து காட்டியவர். ஒரு பாழடைந்த வீட்டை வாரம் கொஞ்சமாகச் சீரமைத்துக் காட்டி 1962இல் நாடு முழுக்கத் தெரிந்த முகமாகியிருந்தார். நேயர்களின் கை எவ்வளவு தூரம் போகும், எந்த இடத்தில் தடுமாறும் என்று அவருக்குத் தெரியும். மிரரின் வெற்றிக்கு அந்த அறிவு ஹோல்டின் கோடுகளுக்குச் சமமான காரணம் என்பது என் எண்ணம்.

அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். நீளம் 3.30 மீட்டர், அகலம் 1.39 மீட்டர், உடல் எடை 45.5 கிலோ. இரண்டு பேர் தூக்கி கார் கூரையில் வைத்துவிடலாம். முகப்பு கூர்மையாக இல்லாமல் சப்பையாக, ஒரு பலகையால் அடைத்த மாதிரி இருக்கும். படகுக் கூர்மையைக் கண்டு பழகிய கண்ணுக்கு முதலில் அவலட்சணமாகத்தான் தெரியும். அந்தச் சப்பை முகத்தால் குறைந்த நீளத்துக்குள் இடம் அதிகம் கிடைக்கிறது, பலகையை அதிகம் வளைக்கவும் வேண்டியதில்லை. உலகெங்கும் 70,000க்கு மேல் கட்டப்பட்டன. முதல் எண் கொண்ட படகு இப்போது கார்ன்வாலில், தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கஷ்டம் எங்கே இருந்தது

மரப்படகு கட்டுவது ஏன் கடினம்? நண்பர் சொல்லும் விளக்கம் இது. முதலில் ஏரா, அதாவது படகின் முதுகெலும்பான அடிக்கட்டை, போட வேண்டும். அதன் மேல் வங்குகளை, விலா எலும்பு போன்ற வளைந்த சட்டங்களை, நிறுத்த வேண்டும். அப்புறம் பலகையை வளைத்து வங்கோடு சேர்த்து அடிக்க வேண்டும். வங்கு ஒவ்வொன்றும் வேறு அளவு, வேறு வளைவு. அளவு எழுதின காகிதம் கிடையாது. மேஸ்திரியின் கண்தான் அளவுகோல். ஒரு வங்கு ஒரு விரல் வெளியே தள்ளினால் அதன் மேல் வருகிற எல்லாப் பலகையும் அங்கே புடைக்கும்.

பிளைவுட் வந்ததும் வேலை பாதியாகக் குறைந்தது. அகலமான தகடு, நாலைந்து பலகையில் உடல் முடிந்துவிடும். ஆனால் பக்கப்பலகையும் அடிப்பலகையும் சேரும் மூலையில் உள்ளே நீளவாக்கில் ஒரு மரச்சட்டம் ஓட வேண்டும், ஆணி பிடிக்க. அந்தச் சட்டத்தின் முகத்தைப் பலகை முழுதாகப் பதியும்படி இழைக்க வேண்டும். சிக்கல் அங்கேதான். நடுப்படகில் அந்த மூலை ஒரு கோணம், அணியத்தை, அதாவது முகப்பை, நெருங்க நெருங்க வேறு கோணம். மூன்று மீட்டர் சட்டத்தில் இழைப்புளி ஓட ஓடக் கோணம் மாறிக்கொண்டே வர வேண்டும். அனுபவமுள்ள தச்சருக்குக்கூட நிதானம் வேண்டிய வேலை. ஞாயிற்றுக்கிழமைத் தச்சருக்கு அதோடு ஆசை அடங்கிவிடும்.

மிரர் அந்தச் சட்டத்தையே தூக்கி எறிந்தது. பலகை விளிம்புகளை செம்புக் கம்பியால் தைத்து, மூலையில் கண்ணாடியிழை நாடாவை ரெசின் என்ற இறுகும் பசையில் நனைத்து ஒட்டினால் போதும். காய்ந்த நாடாவே சட்டம். இந்த முறையைச் சிறு துடுப்புப் படகுகளுக்காக முதலில் உருவாக்கியவர் கென் லிட்டில்டைக் என்ற மரவேலை ஆசிரியர். பக்னெல் அதைப் பாய்ப்படகுக்கு எடுத்துக்கொண்டார்.

அப்போது உருவம் எங்கிருந்து வரும்? வங்கும் இல்லை, சட்டமும் இல்லை என்றால் படகை வளைப்பது எது? பலகையின் விளிம்பு. பனையோலைக் கொட்டான் முடைவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ஓலை தட்டையானது, வெட்டிய விளிம்பை எங்கே எதோடு சேர்க்கிறோம் என்பதில்தான் பெட்டியின் வயிறு பிறக்கிறது. ஜாக்கெட் தைக்கிற டெய்லரும் தட்டைத் துணியில்தான் அதைச் செய்கிறார். வெட்டு சரியாக இருந்தால் தையல் தானாக உருவத்தைக் கொண்டுவரும். மிரரின் அடிப்பலகை இரண்டையும் தரையில் விரித்தால் சாதாரணப் பலகைகள்; வளைந்த விளிம்புகளை ஒன்றோடொன்று இழுத்துத் தைத்ததும், புத்தகம் விரிவது போல நடுவில் விரிந்து முன்னால் நிமிர்கின்றன.

வெட்டு தொழிற்சாலையில் நடந்துவிட்டது. ஹோல்டின் கண் அந்த விளிம்பில் ஏற்கனவே இருக்கிறது. அதனால் கிளாஸ்கோவில் ஒருவர் கட்டிய படகும் டப்ளினில் இன்னொருவர் கட்டியதும் கிட்டத்தட்ட ஒரே உருவத்தில் அமைந்தன. வீட்டில் கட்டிய படகுகளை ஒன்றோடொன்று நியாயமாகப் போட்டிக்கு விட முடிந்தது. 1987இல் உலகப் போட்டியே நடந்தது.

கம்பியும் கட்டிங் பிளேயரும்

தையல் எப்படி நடக்கும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எங்கள் படகின் முன்மூலையைப் பிரித்து மறுபடி தைத்தபோது இதை ஒவ்வொரு கம்பியாகச் செய்தோம்.

பலகையின் கனம் 5 மில்லிமீட்டர்தான். விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி ஓட்டை. எதிர்ப் பலகையில் அதற்கு நேராக இன்னொன்று. சாண் இடைவெளிக்கும் குறைவாக வரிசை முழுக்க. கம்பியை உள்ளிருந்து வெளியே இரண்டு ஓட்டையிலும் விட்டு, வெளியே இரு முனையையும் சேர்த்து முறுக்க வேண்டும். முதல் சுற்றில் சும்மா பிடித்து நிற்கிற அளவுக்கு மட்டும். இங்கே ஆர்வக்கோளாறு வேலைக்காகாது. ஒரே கம்பியை இறுக்கிவிட்டால் பக்கத்துக் கம்பிக்கு விளிம்பு சேராது. இன்னும் இறுக்கினால் கம்பி பலகையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். நான் இரண்டு இடத்தில் கிழித்தேன். நண்பர் கிழிக்கவில்லை. கம்பி இறுகும்போது கிச்சென்று ஒரு சத்தம் வருமாம், அதோடு நிறுத்திவிட வேண்டுமாம். எனக்கு அந்தச் சத்தம் கடைசிவரை கேட்கவில்லை.

கம்பி ஏன் செம்பு? மெத்தென்று முறுக்கிக்கொள்ளும், முறுக்கிய இடத்தில் நிற்கும், மரத்துக்குள்ளேயே தங்கிவிட்டாலும் இரும்பு போலத் துருவேறி மரத்தை உடைக்காது.

எல்லாக் கம்பியும் ஏறிய பிறகு கையில் இருப்பது படகு மாதிரி தெரிகிற ஒரு தொளதொளப்பு. ஒரு மூலையைத் தூக்கினால் எதிர் மூலை தரையிலேயே கிடக்கும். இந்தக் கட்டத்தில்தான் மிரரின் உண்மையான சோதனை. வங்கு வைத்துக் கட்டும் படகில் பிழை அங்கங்கே புடைப்பாகத் தெரிந்துவிடும். இதில் தெரியாது. முழுப் படகும் மெல்ல முறுக்கிக்கொண்டு, பார்ப்பதற்கு அழகாகவே நிற்கும். அதே நிலையில் நாடா ஒட்டினால் அந்த முறுக்கல் ஆயுசுக்கும் நிலைத்துவிடும்.

கண்டுபிடிக்க வழி எளிது. நேரான இரண்டு ரீப்பர்களை, ஒன்றை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும், படகின் குறுக்கே வைத்துவிட்டு முன்னால் குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே கோடாகத் தெரிய வேண்டும். அப்புறம் முகப்பின் நடுவிலிருந்து பின் மூலை இரண்டுக்கும் நூல் பிடித்து அளக்க வேண்டும். கொத்தனார் கடைக்காலுக்கு மூலைமட்டம் பார்ப்பதைப் போலத்தான். எங்கள் படகில் ரீப்பர் வைத்துப் பார்த்தபோது ஒரு பக்கம் ஒரு சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தது. ஐம்பது வருடத்துக்கு முன் ஒரு சாயங்காலம் அப்பாவும் மகனும் பார்க்காமல் விட்ட ஒரு சென்டிமீட்டர். அதனால்தான் இது வலப்பக்கம் சாய்ந்து ஓடும்போது நன்றாக ஓடுகிறது என்று நண்பர் இன்றைக்கும் சாதிக்கிறார். நான் நம்பவில்லை.

மட்டம் சரியானதும், உள்மூலையில் எழும்பி நிற்கும் கம்பி வளையங்களை மழுங்கிய ஸ்க்ரூ டிரைவரால் மூலைக்குள் அழுத்திவிட வேண்டும். விட்டால் அதன் மேல் நாடா கூடாரம் அடித்து நிற்கும், அடியில் காற்றுப் பொட்டலம் தங்கும். பிறகு நாடா, ரெசின், காயவிடுதல். உள்பக்கம் காய்ந்ததும் படகைக் கவிழ்த்து, வெளியே முறுக்கு முனைகளை வெட்டி, விளிம்பை இழைத்து உருட்டி, அதன் மேலும் நாடா. அரைநாள் முன்பு தொளதொளவென்று கிடந்த சாமான், உள்நாடா காய்ந்த மறுநாள் காலை தட்டினால் கணீரென்கிறது. அந்த மாற்றத்தைப் பார்த்தபோது கைதட்டத் தோன்றியது.

எங்கள் படகில் கண்டது

உரிந்துவந்த நாடா பாலியஸ்டர் ரெசினில் ஒட்டியது. அந்தக் காலத்து மிரர்களின் பொதுவான பலவீனம் இது. பாலியஸ்டர் மலிவு, சீக்கிரம் இறுகும், ஃபைபரோடு நன்றாகச் சேரும். மரத்தோடுதான் அதற்குச் சரியான உறவில்லை. இறுகும்போது சுருங்கும். ஈரமுள்ள மரத்தில் பிடிப்பு இன்னும் மோசம். குளிரில் கடினமாக மாட்டேன் என்று அடம் பிடிக்கும். இங்கிலாந்தின் கார் ஷெட்டில், குளிர்கால வாரக்கடைசியில், லேசாக ஈரம் குடித்த பலகையில் அது ஒட்டப்பட்டிருக்கும் என்பது என் ஊகம். கட்டியவரைக் குறை சொல்ல முடியாது. வசந்தத்தில் மிதக்கவிட வேண்டுமென்றால் குளிர்காலத்தில்தான் கட்டியாக வேண்டும்.

எபாக்சி என்ற இன்னொரு வகை ரெசின் மரத்தை விடாது. நாங்கள் பழைய நாடாவை ஹீட் கன்னால் சூடாக்கி, இளகும்போது தகட்டுக் கரண்டியால் வழித்து எடுத்தோம். மரம் முழுக்க உலர மூன்று வாரம் விட்டோம். பிறகு எபாக்சியில் மரத்தூள் கலந்து மூலையில் பூசினோம். பதம் முக்கியம்: இட்லி மாவுப் பதத்தில் இருந்தால் வழிந்து ஓடிவிடும், வடை மாவுப் பதத்தில் இருக்க வேண்டும். கரண்டிக் காம்பால் ஒரே இழுப்பில் வழித்தால் உள்மூலை வழவழப்பாக வளைந்து நிற்கும். அதன் மேல் நாடா.

ஆனால் பெரிய சேதம் தையலில் இல்லை. மிரரில் காற்றடைத்த அறைகள் நான்கு: முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று. பக்கத்து அறைகளின் மேற்பலகைதான் உட்காரும் இடம். படகு கவிழ்ந்தாலும் அது முழுகாமல் காப்பது இவைதான். முன் அறையின் மூடியைத் திறந்ததும், அடைத்துக் கிடந்த அரிசிப் பானையைத் திறந்த மாதிரி ஒரு நெடி. உள்ளே டார்ச் அடித்தால் மூலையில் கறுப்பு. உளி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது.

காரணம் கடல் நீர் அல்ல, மழைநீர். உப்புத் தண்ணீரைவிட நல்ல தண்ணீரில்தான் மரம் சீக்கிரம் உளுக்கும்; பூஞ்சைக்கு அதுதான் பிடிக்கும். பல வருடம் வெளியே நிமிர்ந்து கிடந்து மழை வாங்கி, கொஞ்சம் உள்ளே கசிந்து, மூடி இறுக்கி மூடியிருந்ததால் வெளியேற வழியில்லாமல் தங்கிவிட்டது. மூடியைத் திறந்து, படகைக் கவிழ்த்து வைத்திருந்தால் இந்த மரம் இன்னொரு தலைமுறை தாங்கியிருக்கும். கெட்டதை வெட்டிவிட்டு, ஓரத்தை ஒன்றுக்கு எட்டு என்ற சரிவில் சீவி, அதாவது 5 மில்லிமீட்டர் கனத்துக்கு 40 மில்லிமீட்டர் நீளத்துக்கு இழைத்து, புது மரைன் பிளையை அதே சரிவில் சீவி ஒட்டினோம். ஒட்டு முகம் இவ்வளவு அகலமாக இருந்தால்தான் வளைந்த இடத்தில் முறியாது.

எல்லாம் முடிந்து குளியலறைத் தராசில் ஒரு முனை, மறு முனை என்று மாற்றி மாற்றி நிறுத்தோம். 52 கிலோ. பிறந்த எடையைவிட ஆறரை கிலோ கூடுதல். பழைய பெயின்ட், குடித்த ஈரம், எங்கள் தாராளமான எபாக்சி. “நமக்கும்தான் கூடியிருக்கு,” என்றார் நண்பர்.

கயிற்றில் தைத்ததும் கம்பியில் தைத்ததும்

சித்தப்பா தைத்த வள்ளத்துக்கு வருகிறேன். முட்டம், குமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர். 1980களில் அங்கே பிளைவுட் வள்ளங்கள் கட்டினார்கள், இதே கம்பித் தையல், இதே நாடா. அந்த முயற்சியில் முன்னின்றவர்களில் பெல்ஜியத்தைச் சேர்ந்த பியர் ஜிலே ஒருவர். தேவை அங்கே வாரக்கடைசிப் பொழுதுபோக்கு அல்ல. குடைந்து வள்ளமாக்கும் அளவுக்குப் பெரிய மாமரங்கள் அருகிவந்தன, விலை கைக்கு எட்டவில்லை. வெளியே மாட்டும் மோட்டார்களும் அதே காலத்தில் வந்தன. தகடு வாங்கி, வெட்டி, தைத்தால் பெரிய மரமே தேவையில்லை.

அதே தையல்தான், ஆனால் அலையை மோதிக் கடலில் இறங்கி, திரும்பிவந்து மணலில் இழுபட வேண்டிய வள்ளம். மிரர் வாரம் ஒருமுறை புல்லில் இறங்கும். வள்ளத்துக்கு தினசரி உரசல். அடிப்பக்கம் முழுக்க ஃபைபர் போர்த்தினாலும் மணல் அதைத் தின்னும், தின்ற இடத்தில் பிளைவுட்டின் அடுக்குகளுக்குள் தண்ணீர் ஏறும். பிற்பாடு முழு ஃபைபர் வள்ளங்கள் வந்து பிளைவுட்டைத் தள்ளிவிட்டன. நண்பரின் சித்தப்பாவும் ஃபைபருக்கு மாறினார். ஆனால் தையலின் கைப்பழக்கம் வீட்டில் தங்கி, ஆயிரக்கணக்கான மைல் தள்ளி ஒரு தோட்டத்தில் எனக்குப் பயன்பட்டது.

இன்னும் பின்னால் போனால் நம் கிழக்குக் கரையில் மசூலா படகு. சென்னைக்குத் துறைமுகம் வருமுன், கப்பலில் நின்றவர்களை அலை கடத்திக் கரை சேர்த்த படகு. பலகையும் பலகையும் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்தது, உள்ளே வங்கு கிடையாது. அலை தூக்கிக் கரையில் அறையும்போது தையல் நெகிழ்ந்து கொடுக்கும், அதனால் உடையாது. மிரரோடு ஒப்பிட்டால் வேடிக்கை என்னவென்றால், அங்கே தையல்தான் படகு, கடைசிவரை அதுதான் தாங்குகிறது. இங்கே தையல் ஒரு இரவுக்கான கிளாம்ப். நாடா காய்ந்ததும் அதன் வேலை முடிந்தது.

தண்ணீரில்

எங்கள் முதல் ஓட்டம் ஜல்லி தோண்டிய பள்ளத்தில் தேங்கிய ஒரு ஏரியில். தெற்கு இங்கிலாந்தில் இப்படிப்பட்ட ஏரிகளில்தான் பல பாய்மரக் குழுக்கள் ஓட்டுகின்றன. மிதமான காற்று, ஓரத்தில் வாத்துகள், நண்பர் முகத்தில் லேசான ஏளனம். அலையில்லாத தண்ணீரை அவர் தண்ணீரென்று ஒப்புக்கொள்வதில்லை.

மிரரின் பாய்மரம் படகு நீளத்துக்குள் அடங்கும் அளவுக்குக் குட்டை. உயரத்தை இன்னொரு கழி கொடுக்கிறது. பாயின் மேல் விளிம்பைப் பிடித்த அந்தக் கழி, கயிற்றை இழுக்க இழுக்க மரத்தோடு ஒட்டிக்கொண்டு கிட்டத்தட்ட நேர்குத்தாக மேலே ஏறும். “பருமல்,” என்றார் நண்பர் உடனே. எல்லாக் கழியும் படகுக்குள் படுத்துக்கொள்வதால் கார் கூரையில் கட்ட வசதி. கயிறு ஒரு விரற்கடை தளர்ந்தாலும் பருமல் மரத்தை விட்டு விலகிச் சாயும், பாய் சுருங்கிய சட்டை மாதிரி தொங்கும். பல மிரர்கள் சோம்பலாக ஓடுவதற்கு இதுதான் காரணம் என்று பிற்பாடு தெரிந்தது. அன்று தெரியாது.

நடுவில் ஒரு பொந்து வழியாக நேராக இறக்கும் பலகை உண்டு. அது இல்லாமல் காற்றுக்கு எதிரே போக முடியாது. படகு பக்கவாட்டில் நழுவும். பாய் ஒரு பக்கம் தள்ள, தண்ணீருக்குள் இந்தப் பலகை மறுபக்கம் எதிர்க்க, இரண்டுக்கும் நடுவே அகப்பட்ட படகு முன்னால் தெறிக்கிறது. ஈரப் புளியங்கொட்டையை இரு விரலால் அழுத்தினால் தெறிக்குமே, அதைப் போல. காற்றுக்கு நேரே எந்தப் படகும் போகாது. ஏறத்தாழ 45 டிகிரி இப்பக்கம், அப்புறம் அப்பக்கம் என்று கோணல்மாணலாக ஏற வேண்டும்.

நான் சுக்கான், அவர் முன்பாய். முதல் திருப்பத்தில் சுக்கானை அரைமனதாகத் தள்ளினேன். படகு காற்றைப் பார்த்து நின்றுவிட்டது. பாய் படபடவென்று அடிக்க, படகு மெல்லப் பின்னால் போனது. பின்னால் போகும்போது சுக்கான் தலைகீழாக வேலை செய்யும் என்பதை அப்போதுதான் கற்றேன். இரண்டாவது திருப்பத்தில் பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிற்றைத் தளர்த்திவிட்டு, சுக்கானை முழுசாகத் தள்ளினேன். சரேலென்று திரும்பியது. சப்பை முகம் சிற்றலையில் சளக் சளக்கென்று அறைந்தது. வேகம் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் தண்ணீருக்கும் நமக்கும் நடுவே 5 மில்லிமீட்டர் பலகைதான். அதன் வழியாக ஏரி காலடியில் ஓடுவது தெரியும்.

அரைமணி நேரத்துக்குப் பிறகு படகு மந்தமானது. காற்று குறையவில்லை, மற்றப் படகுகள் ஓடிக்கொண்டிருந்தன. சுக்கான் கனத்தது. ஒவ்வொரு முறை காற்று தள்ளும்போதும் பின்பக்கம் உட்கார்ந்தது. எனக்குப் பாயில்தான் சந்தேகம். நண்பர் பாயைப் பார்க்கவே இல்லை, பின்னால் திரும்பித் தண்ணீர்க் கோட்டைப் பார்த்தார்.

“மக்கா, அமரம் தாழுது. அடைப்பான் போட்டியா?”

போடவில்லை. கவிழ்த்து வைக்கும்போது காற்றாட வேண்டுமென்று நான்கு அறை அடைப்பான்களையும் திறந்து வைத்தவன் நானே. காலையில் மூன்றைத் திருகினேன். பின் அறையுடையது என் சட்டைப் பையில் இருந்தது.

கரைக்கு வந்துசேர்ந்தோம். நான்கு அறைகளில் ஒன்று நிறைந்தும் படகு மிதந்ததென்றால் அது ஹோல்டும் பக்னெலும் போட்ட கணக்கு. ஒரே பெரிய அறையாக இருந்திருந்தால் நீந்தி வந்திருப்போம். எங்கள் சொந்தக் கவனக்குறைவு நாங்கள் ஒட்டிய தையலுக்கும் ஒரு சோதனையாக அமைந்தது. அறைக்குள் அத்தனை தண்ணீர் அலம்பியும் புது நாடா ஒரு இடத்திலும் விடவில்லை. பழைய பாலியஸ்டர் நாடா பக்க அறை ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கிளம்பியிருந்தது. அதை அடுத்த குளிர்காலத்துக்கு எழுதி வைத்திருக்கிறோம்.

புல் சரிவில் படகை முன்பக்கம் உயர்த்திப் பிடித்தோம். பின் அறை ஓட்டையிலிருந்து தண்ணீர் கைவிரல் கனத்துக்கு ஒழுக ஆரம்பித்தது. நின்றுகொண்டே இருந்தோம், அது ஒழுகிக்கொண்டே இருந்தது. நண்பர் ஒரு கையால் படகைப் பிடித்தபடி மறு கையால் பையைத் துழாவி நைலான் நரம்பு ஒன்றை எடுத்தார். அடைப்பானைக் கேட்டார். கொடுத்தேன். அதன் காம்பில் நரம்பைக் கட்டி, மறுமுனையைச் சுக்கான் பூட்டில் முடிந்தார், அடைப்பான் போடாமல் சுக்கான் மாட்ட முடியாதபடி.